பயனாளிகள் பட்டியல் வாட்ஸ்அப்பில் வெளியானால் யார் பொறுப்பு?

கேள்வி: நான் குளச்சலில் வசிக்கிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பித்த எங்கள் ஊர்க்காரர்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் அடங்கிய பட்டியலை அரசு ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டார். மறுநாள் முதல் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்கிறார்கள். அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் உண்டா?

பதில்: தமிழ்நாட்டில் இதற்கெனச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. அரசு 2020-இல் வெளியிட்டு 2024-இல் புதுப்பித்த இணையப் பாதுகாப்புக் கொள்கை, தரவுகளைக் காக்கும் பொறுப்பைத் துறைகளிடம் ஒப்படைக்கிறதே தவிர, மீறப்பட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையை உங்களுக்குத் தரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு தரும் இழப்பீடும் தொழில் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து பெறக்கூடியதே. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்கும் பொருந்தும். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அப்போதும் அபராதத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லுமேயன்றிப் பாதிக்கப்பட்ட மீனவரின் கைக்கு வராது. இதைப் பெரும் குறையாகவே கருதுகிறேன்.

இருப்பினும் உங்களுக்கு வழியில்லாமல் இல்லை. ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு, ஒழுங்குமுறைகள் அனுமதித்த காரணங்களுக்கன்றி ஆதார் எண்ணைப் பொதுவெளியில் வெளியிடக் கூடாது என்கிறது. தரவுக் கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இணையத் தாக்குதல், தரவுக் கசிவு போன்றவற்றைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவு அரசு அலுவலகங்களுக்கும் பொருந்தும். அவ்வாறு தெரிவித்தார்களா என்று அந்த அலுவலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

முதலில், அனுப்பியவரின் எண், குழுவின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பட்டியலை மட்டும் யாருக்கும், ஆதாரம் காட்டுவதற்காகக்கூட, பார்வர்டு செய்யாதீர்கள், ஏனெனில் அதில் உங்கள் அண்டை வீட்டாரின் கணக்கு எண்களும் இருக்கின்றன. யாருக்காவது பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துவிட்டு வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம்.

பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவை நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். பட்டியலை நீக்கவும், பகிர்ந்தவர்மீது துறை நடவடிக்கை எடுக்கவும் அதில் கோரலாம். பலன் இல்லையெனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பே அதற்கு அடிப்படை. இழப்பீட்டு உரிமை தராத அந்த இணையப் பாதுகாப்புக் கொள்கையையும், அரசு தானே ஏற்ற பொறுப்பை நிறைவேற்றவில்லை என்று காட்ட அங்கே முன்வைக்கலாம்.