இன்ஃபினிட்டி வார் உண்மையிலேயே நல்ல படமா, ஹீரோக்கள் கூட்டத்துக்காக ஓடிய படமா?

"18 படங்களில் பழகிய ஹீரோக்கள் மேல் இருந்த பாசம்தானே அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வாரை ஓட வைத்தது? தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. 2008இல் அயர்ன் மேன் வந்ததிலிருந்து பத்து வருடமாகச் சேர்த்து வைத்த பாசம் இல்லையென்றால் 2018 ஏப்ரலில் அவ்வளவு கூட்டம் திரண்டிருக்காது, உலக வசூலும் 200 கோடி டாலரைத் தாண்டியிருக்காது. ஆனால் உள்ளே வந்த கூட்டத்தை 149 நிமிடம் அசையாமல் உட்கார வைத்தது திரைக்கதைதான் என்பேன். மார்வெலின் கூட்டணிப் படங்களில் இதற்குத்தான் என் முதலிடம், இதன் தொடர்ச்சியாக வந்த எண்ட்கேமைவிடவும்கூட. ஏன் என்று சொல்ல முழுக் கதையையும் பேசியாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டணிப் படத்துக்கு ஒரு தலைவலி உண்டு. ஒவ்வொரு ரசிகனும் தன் ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பான். 2012இல் வந்த முதல் அவெஞ்சர்ஸில் ஆறு பேர்தான். அவர்களைச் சண்டை போடவிட்டு ஒன்று சேர்ப்பதே கதையாகப் போய்விட்டது, அது சரியாகவும் வந்தது. 2017இல் ஜஸ்டிஸ் லீக் ஃபிளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவருக்கும் தனிப்படம் எதுவும் இல்லாமல் ஒரே படத்துக்குள் அறிமுகமும் செய்து, உலகத்தையும் காப்பாற்றப் பார்த்தது. வில்லன் பெயரை இப்போது எத்தனை பேர் யோசிக்காமல் சொல்வார்கள்? இன்ஃபினிட்டி வாரிலோ 20க்கும் மேற்பட்ட ஹீரோக்கள். இவர்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு வசனம் கொடுத்தாலே படம் முடிந்துவிடும்.

இயக்கிய ருஸ்ஸோ சகோதரர்களும், எழுதிய மார்க்கஸ், மெக்ஃபீலி இருவரும் வில்லனையே கதாநாயகன் ஆக்கினார்கள். யாருக்கு ஓர் இலக்கு இருக்கிறது? தானோஸுக்கு: ஆறு இன்ஃபினிட்டி கற்களையும் சேர்த்து, ஒரே சொடக்கில் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை அழிப்பது. ஒவ்வொரு படியாக ஏறுகிறவன் யார்? அவன்தான். வழியில் இழப்பதும், அழுவதும், கடைசியில் நினைத்ததை முடிப்பதும் அவன்தான். மற்ற எல்லோரும் அவன் போகிற வழியில் எங்கே நிற்கிறார்களோ அந்த இடத்துக்கு மட்டும் ஹீரோ. அதனால் நியூயார்க், விண்வெளி, எடின்பரோ, வகாண்டா என்று கதை எத்தனை இடத்துக்குத் தாவினாலும் குழப்பமே வருவதில்லை. இன்னும் எத்தனை கல் பாக்கி என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இத்தனைக்கும் இதற்கு முந்தைய படங்களில் தானோஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டியதைத் தவிர பெரிதாக எதுவும் செய்ததில்லை. இவனை யார் நம்புவார்கள்? அதற்குத்தான் அந்த முதல் காட்சி. தோரின் ஊரான அஸ்கார்டிலிருந்து தப்பிய அகதிகளின் கப்பல் ஏற்கெனவே சிதைந்து கிடக்கிறது. நாம் பார்க்க வேண்டிய சண்டை நாம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஹல்க் பாய்கிறான், சில நொடிதான், வெறும் கையாலேயே தானோஸ் அவனை அடித்துத் தூக்கிப் போடுகிறான். அடுத்து தோரின் தம்பி லோகியின் கழுத்து நெரிகிறது. தலைப்பு வருவதற்குள் இது எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு படத்தின் முதல் பத்து நிமிடத்தில் வில்லனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதல் தடவை பார்க்கும்போது அடிதடியில் இது கண்ணுக்குப் படாது. படம் முழுக்க எல்லோரிடமும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: கல்லா, உனக்குப் பிடித்த ஆளா? தோரின் தலையைத் தானோஸ் நசுக்கும்போது லோகியால் பொறுக்க முடியவில்லை, கல்லைக் கொடுக்கிறான். தங்கை போன்ற நெபுலாவைச் சித்திரவதை செய்வதைப் பார்க்க முடியாமல் தானோஸின் வளர்ப்பு மகள் கமோரா ஆன்மக் கல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறாள். காலக் கல்லைக் காக்கும் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இதில் இன்னும் சுவாரசியம். உன்னையா, அந்தப் பையனையா, காலக் கல்லையா என்று வந்தால் உங்கள் இருவரையும் சாகவிடத் தயங்க மாட்டேன் என்று அயர்ன் மேன் ஸ்டார்க்கிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறான் (பையன் என்பது ஸ்பைடர்மேன்). தானோஸின் சொந்தக் கிரகமான டைட்டனில் அந்த நேரம் வந்ததும் ஸ்டார்க்கின் உயிருக்காகக் கல்லை நீட்டிவிடுகிறான். அவனுக்குத் தனிக் கணக்கு இருந்தது என்பது உண்மை. 1,40,00,605 எதிர்காலங்களைப் பார்த்துவிட்டு அதில் ஒன்றில்தான் ஜெயிக்கிறோம் என்று சொன்னவன் அவன். ஆனாலும் நம் கண்ணில் படுவது ஒரு மனிதன் விட்டுக்கொடுப்பதுதான். நெற்றியில் ஒரு கல்லைச் சுமக்கும் விஷன் தன்னையே அழித்துவிடச் சொல்லி மன்றாடுகிறான். உயிரைப் பண்டமாற்றுச் செய்ய மாட்டோம் என்கிறான் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸ். விஷனின் காதலி வாண்டா கடைசி நொடிவரை தள்ளிப்போட்டு, அழுதுகொண்டே அதைச் செய்கிறாள், தானோஸ் காலத்தைத் திருப்பி அதையும் வீணாக்குகிறான்.

இந்தக் கேள்விக்குத் தயங்காமல் "கல்தான்" என்று பதில் சொல்கிறவன் ஒருவன்தான். நேசிக்கும் ஒருவரைப் பலி கொடுத்தால்தான் ஆன்மக் கல் கிடைக்கும் வோர்மிர் கிரகத்தில் கமோரா சிரிக்கிறாள்: நீ யாரையுமே நேசித்ததில்லை, உனக்கு எதுவும் கிடைக்காது என்று. அவன் கண்ணில் நீர் வருகிறது. அது தனக்கான கண்ணீர் என்று அவளுக்குப் புரியும்போது நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. அவன் பாசத்தை நம்பச் சொல்கிறார்களா என்று சிலர் கோபப்படுகிறார்கள். பெற்றவர்களைப் பறிகொடுத்த குழந்தையைத் தூக்கி வந்து கொலை செய்யப் பழக்கியவன், அவனுக்குத் தெரிந்த பாசம் அவ்வளவுதான். அந்தக் காட்சியில் எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை, பயம்தான் கூடியது.

கமோராவின் காதலன் குவிலைத் திட்டுகிறவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டைட்டனில் தானோஸை மயக்கி, கற்களைப் பதித்த கையுறையை ஏறக்குறைய கழற்றியே விட்டார்கள். கமோரா செத்தது தெரிந்ததும் குவில் அவனை அடித்து எல்லாவற்றையும் கெடுத்தான். "முட்டாள்" என்று இணையம் முழுக்கத் திட்டு. ஆனால் இதே குவில்தான் கொஞ்ச நேரம் முன்பு, கமோரா கேட்டுக்கொண்டதற்காக அவள்மீதே துப்பாக்கியை அழுத்தினான். தானோஸ் கல்லின் சக்தியால் மாற்றியதில் குமிழிகள்தான் வந்தன, அது வேறு விஷயம். கல்லை விட்டாலும் பரவாயில்லை என்று எல்லோரும் பாசத்துக்காக வளைகிற படத்தில் குவில் மட்டும் கணக்கு வாத்தியார் மாதிரி நடந்துகொள்ள வேண்டுமா என்ன?

சின்னக் கூட்டணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டார்க்கையும் ஸ்ட்ரேஞ்சையும் ஒரே அறையில் விட்டால் யார் பெரியவன் என்ற சண்டைதான் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அது நடக்கிறது, ரசித்தோம். எதிர்பார்க்காதது தோரும், பேசும் ரக்கூனான ராக்கெட்டும். மர மனிதன் குரூட்டோடு மூவரும் தோருக்குப் புது ஆயுதம் செய்ய நிடாவெல்லிருக்குப் போகிற சின்ன ஓடத்தில், குரூட் விளையாட்டில் மூழ்கிக் கிடக்க, ராக்கெட் தயங்கித் தயங்கி விசாரிக்கிறான். தம்பி போனான், அக்கா போனாள், அப்பா, அம்மா, உயிர் நண்பன் என்று தோர் சிரித்த முகத்தோடு அடுக்கிக்கொண்டே போகிறான். இன்னும் இழக்க என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் தங்குவதில்லை. யாரிடமும் நயமாகப் பேசாத ராக்கெட் ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஒரு செயற்கைக் கண்ணை எடுத்துக் கொடுக்கிறான். கோடிக்கணக்கில் செலவழித்த படத்தில் கணினி வரைந்த ஒரு மிருகமும் ஒரு நடிகரும் உட்கார்ந்து பேசுகிற காட்சிதான் மனதில் நிற்கிறது. வகாண்டாவில் புதுக் கோடரியோடு தோர் இறங்கும்போது திரையரங்கம் அலறியதற்கும் பாதிக் காரணம் இந்த உரையாடல்தான்.

சரி, குறைகள். வகாண்டா போர் எனக்கு அலுப்புத்தான். முகமே இல்லாத, பெயரே தெரியாத மிருகக் கூட்டத்தை எவ்வளவு நேரம் வெட்டுவதைப் பார்ப்பது? ஹல்க் வெளியே வர மறுக்கும் நகைச்சுவை ஒரு தடவைக்கு நன்றாக இருந்தது, அதை இழுத்துவிட்டார்கள். ராஜர்ஸுக்கு எடின்பரோ ரயில் நிலையத்தில் இருட்டிலிருந்து வருகிற அந்த அறிமுகத்தைத் தாண்டிப் பெரிதாக வேலை இல்லை. முந்தைய படமான சிவில் வாரில் பிரிந்த ராஜர்ஸும் ஸ்டார்க்கும் இந்தப் படத்தில் சந்திக்கவே இல்லை. கைபேசியைக் கையில் எடுத்த ஸ்டார்க் அழைப்பதற்குள் கப்பல் வந்துவிடுகிறது. அது வேண்டுமென்றே வைத்த பசி என்று தெரிந்தாலும் எரிச்சலாகத்தான் இருந்தது.

தானோஸின் தத்துவம்தான் பெரிய ஓட்டை. வளம் போதாது, அதனால் பாதி உயிர்களை அழிக்க வேண்டும் என்கிறான். 1970களின் தொடக்கத்தில் உலக மக்கள்தொகை 2018இல் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். அதாவது ஒரு சொடக்குப் போட்டால் பூமி அரை நூற்றாண்டு பின்னால் போகும், அப்புறம் திரும்ப ஏறும். இவ்வளவு சுலபமான பதிலைப் படத்தில் ஒருவர்கூட அவனிடம் சொல்வதில்லை. ஜிம் ஸ்டார்லின் எழுதி 1991இல் வந்த காமிக்ஸில் தானோஸ் மரண தேவியின் மனதைப் பிடிக்க இதைச் செய்வான். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அதில் ஓட்டை இல்லை. படத்தில் அவனை நியாயவான் போலக் காட்டப் போய், "அவன் சொல்வதிலும் ஒரு அர்த்தம் இருக்கிறது" என்று கிளம்பிய ஒரு கூட்டத்தை இணையம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

தானோஸின் சொடக்கில் பிளாக் பேந்தர், ஸ்பைடர்மேன் உள்படப் பலர் சாம்பலாகும் முடிவைப் பற்றி ஒரு வாதம் வரும்: பிளாக் பேந்தர் அந்த வருடம் பிப்ரவரியில்தான் வந்து வசூலை அள்ளியது, அவனை உண்மையிலேயே கொல்வார்களா, எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று தெரிந்ததுதானே என்று. தெரியும். தெரிந்தும் ஸ்டார்க்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் போக மாட்டேன் என்று கெஞ்சும்போது தொண்டை அடைத்தது. திரும்பி வருவானா என்பது அடுத்த படத்தின் பிரச்சினை. இந்தப் படம் தோல்வியில் முடியத் துணிந்தது, கடைசியில் "தானோஸ் மீண்டும் வருவான்" என்று வில்லன் பெயரைப் போடவும் துணிந்தது. எண்ட்கேம் நெகிழ வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி நேரம் பழைய படங்களுக்குள்ளேயே சுற்றி வந்து பிரியாவிடை கொடுப்பது. அங்கே நீங்கள் சொல்லும் பாசம்தான் முக்கால்வாசி வேலை செய்கிறது.

உங்கள் சந்தேகத்தைச் சோதிக்க வேண்டும் என்றால், இந்தத் தொடரில் ஆர்வமே இல்லாத நண்பர் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். 18 படமும் காட்ட வேண்டாம். 2012 அவெஞ்சர்ஸ், முதல் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி, சிவில் வார், தோர்: ராக்னராக் ஆகிய நான்கு போதும், ராக்னராக் முடிகிற கப்பலில்தான் இது தொடங்குகிறது. பிளாக் பேந்தரைப் பார்க்காமலேயே வகாண்டா புரிந்துவிடும். ஸ்பைடர்மேனுக்குச் சிவில் வாரில் பார்த்ததே தாங்கும்.