கரண்டியால் கலக்கியது யார் தப்பு?

கேள்வி: மழைத் தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் சம்ப்பில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஒரு பக்கெட்டில் பிடித்து, மாமியார் படிகாரக் கட்டியை நாலு சுற்று சுற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டது. சீக்கிரம் ஆகட்டுமே என்று நான் கரண்டியால் வேகமாகக் கலக்கினேன். பஞ்செல்லாம் போய் மறுபடி கலங்கல்! என் தப்புதான் என்கிறார். அப்படியா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தீர்ப்பு மாமியார் பக்கம்தான் அம்மா. ஆனால் 31 வருஷம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருந்த நானும், சேர்ந்த முதல் வாரத்தில் இதே காரியத்தைச் செய்து திட்டு வாங்கியவன்தான்.

கலங்கல் என்பது களிமண் துகள்கள். அவை எல்லாவற்றின் மேற்பரப்பிலும் ஒரே வகை (நெகட்டிவ்) மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. அப்புறம் முட்டினால் ஒட்டல்தான்.

ஒட்டுகிற விதத்தில்தான் விஷயம். 29சி பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு ஏறியிருக்கிறீர்களா? உள்ளே இடம் இருக்கும். ஆனால் படியில் நிற்பவர் நகரமாட்டார். அடுத்து வருபவர் அவர் தோளைப் பிடித்துத் தொங்குவார், அதற்கடுத்தவர் இவரை. துகளும் அப்படித்தான். தள்ளாடித் தள்ளாடி வருவது, திரளின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கையில் முதலில் முட்டி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. உள்ளே உள்ள பள்ளத்துக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு துகளாக விட்டுப் பார்த்தார்கள். கிடைத்தது உருண்டை இல்லை. கிளைக்குள் கிளையாகப் பிரியும் வடிவம். பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே சாயல். இதைத்தான் ஃப்ராக்டல் என்கிறோம்.

உங்கள் பக்கெட்டில் தனித் துகள்கள் மட்டுமல்ல, திரளும் திரளும்கூட முட்டி ஒட்டுகின்றன. அதனால் வடிவம் இன்னும் ஓட்டை. கெட்டி உருண்டை 10 மடங்கு அகலமானால் அதில் 1000 மடங்கு பொருள் இருக்க வேண்டும். தானாக அலைந்து ஒட்டும் திரளில் சுமார் 63 மடங்குதான் (கணக்குப் பிரியர்களுக்கு: 10இன் அடுக்கு 1.8). மெல்லக் கலக்கித் திரட்டினால் இதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த பஞ்சில் பெரும்பாகம் தண்ணீரே.

அவ்வளவு ஒல்லிக் கைகளில் கரண்டியை விட்டால்? முறியும். உடைந்தது பழையபடி முழுசாகச் சேர்வதும் அபூர்வம். அதனால்தான் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் கலக்கும்போது ஒரு நிமிஷம் வேகமாகச் சுழற்றிவிட்டு, பிறகு இருபது, முப்பது நிமிஷம் துடுப்புகளைச் சோம்பேறித்தனமாக ஓட்டுவார்கள். அந்த மெதுவான ஓட்டமும் வேண்டும். பெரிய துகள்கள் தாமாக அலைந்து சந்திக்க நேரம் போதாது. ஆக, கரண்டி தப்பில்லை, வேகம்தான் தப்பு. இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

தெளிந்த தண்ணீரை மேலாக இறுத்து, கொதிக்க வைத்தே குடியுங்கள். களிமண் போனதால் கிருமி போனதாகாது.

கேள்வி: எங்கள் பாட்டி பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசுவார். அதுவும் இதேதானா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஏறக்குறைய. அங்கே வேலை செய்வது அலுமினியம் இல்லை, கொட்டையின் புரதமும் பசைச் சர்க்கரைகளும். ஒவ்வொரு இழையும் பல துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். பாட்டி உரசிவிட்டுப் பானையை அசைக்க விட்டாரா? விட்டிருக்க மாட்டார்.