அண்ணன் முடிவு செய்தால் தங்கை பராமரிப்பு இல்லத்துக்குப் போயே ஆகவேண்டுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மூளை முடக்குவாதம் உள்ள 34 வயதுத் தங்கை சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் தவறிய பிறகு, அண்ணன்கள் அவளை ஓசூரில் ஒரு இல்லத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். அவள் வரமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

பதில்: தங்கை போக வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 5, ஊரோடு சேர்ந்து வாழும் உரிமையை அவருக்குத் தருகிறது. 18 வயது முடிந்தவருக்கு அண்ணன் தானாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. காப்பாளர் தேவையா என்பதை ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும். பேச்சு குழறுவதை வைத்து ‘அவளுக்கு ஒன்றும் புரியாது’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த வாய்ப்பைத் தராதீர்கள்.

முதலில் தங்கையின் பெயரிலேயே மனு எழுதுங்கள். “நான் இந்த வீட்டில்தான் இருப்பேன். என் சம்மதமில்லாமல் எங்கும் சேர்க்கக் கூடாது.” இந்த இரண்டு வரி போதும். கைரேகை வையுங்கள். சொத்தில் பங்கில்லாத இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அவர் இதைச் சொல்வதைக் கைபேசியில் காணொளியாகவும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குக் கொடுங்கள். மிரட்டினாலோ வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போக வந்தாலோ, பிரிவு 7-இன்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நிர்வாக நடுவர் என்ற முறையில் தடுக்கவும் பாதுகாப்பு உத்தரவு போடவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. இல்லத்தில் சேர்க்கும் பேச்சோடு, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரமும் வரக்கூடும். அம்மா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் தங்கைக்கும் சம பங்கு. படித்துக் காட்டாத தாளில் ரேகை வைக்கவே கூடாது.

இனி வீடு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். வாங்கவில்லையென்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அது ஆள் கூலிக்குப் போதாதுதான். ஆனால் வாசலில் சாய்தளம் சரியாக இருந்தால் பாதி உதவிக்கு ஆளே வேண்டாம்.

இங்கேதான் கொத்தனார்கள் தவறுவார்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 4 அடியில் முடித்தால், ஏறும்போது முன்சக்கரம் தூக்கி நாற்காலி பின்பக்கம் கவிழும். நேராக இடமில்லாவிட்டால் சுவரை ஒட்டித் திருப்புங்கள். திருப்பத்திலும் வாசற்படி முன்பும் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். அகலம் 4 அடி. மேலே சிமென்ட் பால் ஊற்றி வழவழப்பாக்காமல், ஈரம் காயுமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள், மழையில் வழுக்காது.