எழும்பூர் மணலும் யூடியூப் வகுப்பும்: டீச்சர் பதில்கள்

தண்டையார்பேட்டையில் நடந்த எங்கள் மாதாந்திர வாசகர் கூட்டத்தில், ஆசிரியர் பயிற்சியில் பல வருஷம் இருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் கற்பிக்கும் கருவிகள் பற்றிக் கேட்டோம். பேசியபடியே தருகிறோம்.

கேள்வி (காசிமேடு, மீன் வியாபாரம்): டீச்சர், பையன் ஆறாவது படிக்கிறான். ஏஐ சொல்லித் தரும்னு ஒரு ஆப்புக்காக வீட்டுக்கே வந்து பேசுறாங்க. மாசத் தவணையாம். கட்டலாமா?

பதில்: முதல்ல ஒரு வாரம் சும்மா ஓட்டிக் காட்டச் சொல்லும்மா. அவன் பக்கத்துல உக்காந்துக்கோ. திரையைப் பாக்காதே, அவன் கையைப் பாரு. எழுதுறானா, கணக்குப் போடுறானா, இல்ல வாயைப் பிளந்து பாத்துக்கிட்டே இருக்கானா? தப்பா போட்டா எந்த இடத்துல தப்புன்னு சொல்லுதா, சிவப்புல ஒரு குறி போட்டுட்டு அடுத்த கேள்விக்குத் தாவுதா? ரெண்டாவது மாதிரின்னா உன் காசு உன்கிட்டயே இருக்கட்டும். தவணைங்கிற பேர்ல உன் பேருக்குக் கடன் எழுதிடுவாங்க, தாளைப் படிச்சுக் காட்டாம கையெழுத்துப் போடாதே.

கேள்வி (ராயபுரம், ஆட்டோ ஓட்டுநர்): ‘மெட்ராஸ் முறை’ன்னு ஒண்ணு இங்கிருந்து லண்டன் போச்சுன்னு ஒரு சவாரி சொன்னாரு. மெய்யாவா?

பதில்: மெய்தான். ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் 1787ல இங்க வந்தார். எழும்பூர்ல ஐரோப்பிய சிப்பாய்களோட பிள்ளைகளுக்கான ஆண்கள் அனாதை விடுதி 1789ல அவர் பொறுப்புக்கு வந்துச்சு. அந்தப் பிள்ளைகள்ல நிறைய பேருக்கு அம்மா இந்த ஊர்க்காரங்க. ஒருநாள் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பாத்தார். காகிதச் செலவு இல்ல, சிலேட்டு உடையற கவலையும் இல்ல. விடுதியில அப்படியே செய்யச் சொன்னா, சம்பளம் வாங்குற வாத்தியாருங்க முடியாதுன்னுட்டாங்க. பெல் என்ன பண்ணார்? ஜான் ஃப்ரிஸ்கென்னு 8 வயசுப் பையனைக் கூப்பிட்டு, “நீ சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடு”ன்னார். அவன் செஞ்சு காட்டிட்டான். அப்புறம் விடுதி முழுக்கப் பிள்ளைக்குப் பிள்ளை பாடம். இதுதான் அந்த மெட்ராஸ் முறை.

1797ல லண்டன்ல இதைப் புத்தகமாப் போட்டார். ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தர் கிட்டத்தட்ட இதே முறையைக் கையில எடுத்தார். யார் முதல்லன்னு ரெண்டு கட்சிக்கும் பெரிய சண்டை. மணலை இந்த ஊர்ல பாத்ததா பெல்லே எழுதியிருக்கார். பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித் தர்றதை மட்டும் தன் கண்டுபிடிப்புன்னு வெச்சுக்கிட்டார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல அதுக்கு முன்னாடியே சட்டாம்பிள்ளை, அதான் வாத்தியாருக்குப் பதிலா மத்தவங்களைப் பாத்துக்கிற பையன், கம்போட உக்காந்திருந்தது எல்லாருக்கும் தெரியும்.

இங்கிலாந்துல இது ஏன் பிடிச்சுப்போச்சுன்னா, மலிவு. ஒரே வாத்தியாரை வெச்சு நூத்துக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். ஆனா அந்தச் சட்டாம்பிள்ளைக்குக் காலையில தெரிஞ்சதுதானே மத்தியானம் சொல்லித் தர முடியும்? ‘ஏன்’னு ஒருத்தன் கேட்டா அவனும் முழிப்பான். 1846ல இங்கிலாந்து அரசாங்கம் சம்பளம் கொடுத்து மாணவ ஆசிரியர்களை வளக்கிற வழிக்குப் போச்சு.

கேள்வி (புளியந்தோப்பு): அந்தத் திண்ணையில எங்க பாட்டனாரை உக்கார விட்டிருப்பாங்களா?

பதில்: விட்டிருக்க மாட்டாங்க. சரியான கேள்வி கேட்டீங்க. கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல கணக்கெடுக்கச் சொன்னார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்கன்னு வந்துச்சு. இந்த எண்ணிக்கையைப் பெருமையாச் சொல்றவங்க உண்டு. சொல்லட்டும். அதுல பொம்பளைப் பிள்ளைங்க ரொம்பச் சொற்பம், சேரிப் பிள்ளைங்களுக்கோ பெரும்பாலும் கதவே திறக்கல. என்னைக் கேட்டா இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல நடந்த பெரிய மாத்தம் கருவியால வந்தது இல்ல. 1920ல ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மத்தியானச் சோறு போட ஆரம்பிச்சாங்களே, அதுதான். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பேர் இருக்கே, அந்த பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ நடந்தது.

கேள்வி (வியாசர்பாடி, பி.எட். மாணவி): நடத்தைக் கோட்பாடு, அறிவுசார் கோட்பாடு, கட்டமைப்புக் கோட்பாடுன்னு வரிசையா மனப்பாடம் பண்றோம் மேடம். மெஷினுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இல்லாம ஒரு மெஷினும் வந்ததில்லம்மா. பழக்கிப் பழக்கித்தான் கத்துக்க முடியும்ங்கிற நடத்தைக் கோட்பாட்டு உளவியல்காரர் ஸ்கின்னர், 1953ல தன் பொண்ணோட கணக்கு வகுப்புல போய் உக்காந்தார். ரெண்டு விஷயம் அவருக்குப் பொறுக்கல. போட்ட கணக்கு சரியா தப்பான்னு பிள்ளைக்கு உடனே தெரியல. வேகமாப் போடுறவனும் திணறுறவனும் ஒரே நேரத்துல நடக்கணும். அதுக்குத்தான் ஒரு பெட்டி செஞ்சார். சின்னக் கேள்வி வரும், பதிலை எழுதணும், நெம்புகோலைத் தள்ளினா சரியான விடை தெரியும். ஆப்புல நட்சத்திரம் குதிக்குதே, அதுக்குள்ள இருக்கிறவர் இவர்தான். எழுத்துக்கூட்ட, வாய்ப்பாடு பழக இது நல்லாவே உதவும். யோசிக்க வைக்குமான்னா, அங்கதான் இடிக்குது.

பிள்ளை தானே செஞ்சு பாத்து அறிவைக் கட்டிக்கும்ங்கிறது கட்டமைப்புக் கோட்பாடு. அதுல பெரிய பேரான உளவியல்காரர் பியாஜேகிட்ட வேலை பாத்த சேமோர் பேப்பர்ட், ஸ்கின்னருக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்னார். 1967ல அவரும் கூட்டாளிகளும் லோகோங்கிற கணினி மொழியைக் கொண்டு வந்தாங்க. கோடு போட்டுக்கிட்டே நகர்ற ஒரு ஆமையை இத்தனை அடி போ, இத்தனை பாகை திரும்புன்னு பிள்ளை கட்டளை போடும். சதுரம் வரலன்னா எங்க தப்புன்னு அதுவே தேடும். 2007ல வந்த ஸ்கிராட்ச்னு பிள்ளைகளுக்கான கணினி மொழியும் இந்த வம்சம்தான். பரீட்சையில வரிசையை எழுதிட்டு வந்துடு. வகுப்புல புதுசா ஒரு கருவி வந்தா, கம்ப்யூட்டர் பிள்ளையை நடத்துதா, பிள்ளை கம்ப்யூட்டரை நடத்துதான்னு பாரு.

கேள்வி (பெரம்பூர்): டிவி வந்தப்பவும் இப்படித்தான் அலப்பறை பண்ணாங்களா?

பதில்: அதுக்கும் முன்னாடியே. பள்ளிக்கூடத்துல புத்தகமே இல்லாமப் போயிடும், சினிமா வந்துடும்னு எடிசன் 1913ல சொன்னார். நம்ம நாட்டுல 1975–76ல அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒண்ணை இரவல் வாங்கி 6 மாநிலத்துல 2,400 கிராமங்களுக்கு டிவி பாடம் காட்டினாங்க. தமிழ்நாடு அந்தப் பட்டியல்ல இல்ல. ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1983ல பட்டுன்னு சொன்னார்: மளிகை கொண்டு வர்ற லாரியால உடம்பு தேறாது, அந்த மாதிரிதான் இந்தக் கருவிகளும். பலர் மறுத்தாங்க. நான் கிளார்க் கட்சி, முக்கால்வாசி.

கேள்வி (மூலக்கடை): என் பொண்ணு ‘பாத்துப் படிக்கிற வகை’ன்னு ஸ்கூல்ல சொன்னாங்க.

பதில்: 2008ல உளவியல்காரங்க 4 பேர் எல்லா ஆய்வையும் அலசிட்டு, வகை பிரிச்சுச் சொல்லித் தர்றதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னுட்டாங்க. காதையும் கையையும் கூட பயன்படுத்தட்டும்.

கேள்வி (திருவொற்றியூர், பிளஸ் டூ மாணவன்): யூடியூப்ல பாக்கிறப்ப எல்லாம் புரியுது மிஸ். பரீட்சை ஹால்ல ஒண்ணும் வரல.

பதில்: ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேர் 2006ல கல்லூரிப் பசங்களை வெச்சுச் சோதிச்சாங்க. ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சது. இன்னொண்ணு ஒருதடவை படிச்சு மூடிட்டு, ஞாபகம் வந்ததை எழுதுச்சு. 5 நிமிஷம் கழிச்சுக் கேட்டா முதல் கூட்டம் முந்துச்சு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பாத்தவங்க தாண்டிட்டாங்க. உனக்கும் வீடியோ முடிஞ்ச அஞ்சாவது நிமிஷத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். அதனால பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை நிறுத்து. போனைக் கவுத்து வை. வெள்ளைத்தாள்ல சூத்திரம், படம், காரணம் எல்லாம் எழுது. விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பாரு. மூணு நாள் கழிச்சு அதே பாடத்தை மறுபடி வெறும் தாள்ல எழுது. எரிச்சலா இருக்கும், விடாதே. இயற்பியல்ல உனக்கு ஆகாத பாடம் எதுவோ, அதுல ஆரம்பி.