கிரேக்க வீரர்கள் உள்ளே ஒளிந்துகொண்டு ட்ரோய் நகருக்குள் நுழைந்ததாகக் கதை சொல்லும் ட்ரோஜன் குதிரையை வரைந்தால் நிஜக் குதிரை மாதிரியே வந்துவிடுகிறது. மரக்குதிரையாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

தசையை மறந்துவிட்டுத் தச்சுவேலையை வரையுங்கள். கதைப்படி இந்தக் குதிரையைச் செய்தவர் எபியஸ் என்ற கிரேக்கர். அவர் எங்கே பலகையை வளைத்திருப்பார், எங்கே முட்டுக் கொடுத்திருப்பார் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்தது.

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, எச்.பி. பென்சிலால் 10 செ.மீ. சதுரம் ஒன்றை லேசாகப் போடுங்கள். குதிரையின் மார்பு முதல் பின்புறம் வரையுள்ள நீளமும், குளம்பு முதல் தோள்மேடு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) வரையுள்ள உயரமும் ஏறக்குறைய சமம். தலை 4 செ.மீ. காது நுனி 14 செ.மீ. உயரத்தில் வரும். வயிற்றுக்குப் பீப்பாய் வடிவம், 4.5 செ.மீ. ஆழம். காலைத்தான் பலர் கெடுக்கிறார்கள்: நிஜக் குதிரையின் மெல்லிய கணுக்காலைப் போட்டால், உள்ளே ஆட்களோடு நிற்கும் பாரம் கண்ணுக்கு வராது. 1.5 செ.மீ. அகலத் தூண்களாக வையுங்கள். பின்னங்காலில் மட்டும் பின்னோக்கி ஒரு மடிப்பு போதும்.

அடுத்து பலகைக் கோடுகள். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் நேர்கோடாக இழுத்தால் குதிரை தட்டையான கதவு மாதிரி ஆகிவிடும். வயிற்றின் நடுவில் பலகை அகலம் 6 மி.மீ. இருக்கட்டும், முதுகுக்கும் அடிவயிற்றுக்கும் போகப்போக 2 மி.மீ. வரை குறையட்டும். உருண்டை வடிவம் அந்தக் குறைவில்தான் பிறக்கிறது, நிழலில் இல்லை. பலகை முனைகள் ஒரே கோட்டில் சேரக் கூடாது. செங்கல் சுவர் போல மாறி மாறி வரட்டும், ஒவ்வொரு முனையிலும் இரண்டு மர ஆணிப் புள்ளிகளோடு. கழுத்தில் பலகைகள் கழுத்தின் போக்கிலேயே ஏறும். திசை மாறும் இடத்தில் ஒரு பட்டைச் சட்டம் வைத்தால் இணைப்பு மறைந்துவிடும். பிடரிக்கு மயிர் வேண்டாம், வெட்டிய பலகை போதும்.

வீரர்கள் ஏறி இறங்கும் கதவை அடிவயிற்றில் வைப்பதைவிட விலாவில் வைப்பது கதைக்கு நெருக்கம். பலகைக் கோடுகள் அதன்மேல் அப்படியே ஓடட்டும். சுற்றுக் கோட்டை மட்டும் ஒரு இழை அழுத்துங்கள். பளிச்சென்று தெரிகிற கதவென்றால் ட்ரோய்க்காரர்கள் ஏமாந்திருக்க மாட்டார்களே! கிரேக்கத்தின் மைக்கோனோஸ் தீவில் 1961இல் கிடைத்த கி.மு. 7ஆம் நூற்றாண்டுத் தாழியில் இந்தக் குதிரையின் உருவம் இருக்கிறது: வயிற்றிலும் கழுத்திலும் சதுர சன்னல்கள், அவற்றில் வீரர்களின் தலைகள், குளம்புக்கடியில் சக்கரங்கள். உள்ளே ஆள் இருப்பதைக் காட்டத்தான் வேண்டும் என்றால் அந்த வழி நல்லது.

பக்கத்தில் ஒரு மனிதனை 2 செ.மீ.க்கு வரைந்தால் தோள்மேடு எட்டரை மீட்டர் என்று கண் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். மனிதனே இல்லையென்றால் பொம்மைக் குதிரைதான். கழுத்தில் கட்டிய இழுகயிறு விறைப்பாக நேராக இருக்கட்டும். தொய்ந்தால் யாரும் இழுக்கவில்லை என்று அர்த்தம்.

வண்ணம் தீட்டினால் கரும்பழுப்பு வேண்டாம். இந்தக் கதையைப் பாடிய ரோமானியக் கவிஞர் வர்ஜில் சொல்வது ஃபிர் என்ற ஊசியிலை மரம். புதிதாக அறுத்தால் வெளிர் மஞ்சளாக இருக்கும். அடிவயிற்றிலும் கால்களின் உட்பக்கத்திலும் மட்டும் பழுப்பை ஏற்றுங்கள்.