ஓநாய் வந்ததும் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு

நான்கு வயது மகள் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் வந்ததும் காதைப் பொத்திக்கொள்கிறாள், மறுநாளும் அதே கதையைத்தான் கேட்கிறாள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். பயந்த இடத்தை, முடிவு தெரிந்த தைரியத்தில் திரும்பத் திரும்பக் கடந்து பார்ப்பது அந்த வயதுக்கு இயல்புதான்.

முதலில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 1697-இல் பிரான்சில் எழுத்தாளர் பெரோ வெளியிட்ட வடிவத்தில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிகிறது. 1812-இல் ஜெர்மன் கதைத் தொகுப்பாளர்களான கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேட்டைக்காரர் வந்து பாட்டியையும் பேத்தியையும் மீட்கிறார். உங்கள் மகளுக்கு இதுதான் சரி.

பல வீடுகளில் கதையைவிட வாசிப்பவரின் குரல்தான் அதிகம் மிரட்டும் (நமக்கும் நடிக்க ஆசை வந்துவிடுகிறதே!). ஓநாய்க்கு உறுமாமல், மெதுவாக, கொஞ்சம் மூக்கால் பேசுங்கள். பாட்டி வேடத்தில் இருக்கும் ஓநாயிடம் சிறுமி கேட்கும் "உங்க பல்லு ஏன் பாட்டி இவ்ளோ பெரிசு?" என்பதை உங்கள் மகளையே கேட்கவிட்டு, அவள் கேட்ட பிறகே ஓநாயின் பதிலைச் சொல்லுங்கள். அந்தப் பதில் எப்போது வரும் என்பது தன் கையில் இருந்தால் பயம் குறையும். அந்தப் பக்கத்தைத் தாவாதீர்கள். மறைத்தால் கற்பனையில் இன்னும் பெரிதாகிவிடும். படம்தான் பயமுறுத்துகிறது என்றால் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்லுங்கள்.

நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள். படுக்கும் முன் சாதுவான வேறு கதை. அழுதாலோ, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தாலோ மட்டும் ஓநாய்க் கதையைச் சில வாரங்கள் ஒதுக்கி வையுங்கள்.