"வீட்டுக்குப் போகணும்" என்கிறார் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து 2 வருடமாகிறது. பொழுது சாய்ந்தால் பையை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்று வாசலுக்குப் போய்விடுகிறார். பாட்டி இறந்து 30 வருடமாயிற்று. அதைச் சொன்னால் அழுகிறார், சொல்லாவிட்டால் பொய் சொல்வதுபோல இருக்கிறது. நேற்று கத்திவிட்டேன். என்ன செய்வது?

பதில்: இரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர் ஒருநாள் கத்திவிடுவது நடக்கக்கூடியதுதான். அதற்காக உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டி இறந்ததை மட்டும் இனிச் சொல்ல வேண்டாம். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை இந்த நோய் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பாதித்துவிடும். நேற்று சொன்னது தங்காது, சின்ன வயது வீடு தங்கியிருக்கும். அதனால் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு அது புதிதாக விழுந்த சாவு. செய்தி மறந்த பிறகும் அந்தத் துக்கம் நெஞ்சில் கிடக்கும்.

அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுக்குப் போகணும்" என்றால் பல நேரம் "பயமா இருக்கு, எதுவும் பிடிபடல" என்றுதான் பொருள். "பாட்டி ஞாபகம் வந்துடுச்சாம்மா? அந்த வீட்டுல நீ எங்க படுத்துப்ப?" என்று கேளுங்கள், பேசட்டும். வாசலில் மறித்து நிற்காமல் கூடவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பையில் உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

மாலையில் தடுமாற்றம் கூடுவது இந்த நோயில் அடிக்கடி பார்ப்பதுதான். பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், நிழல்கள் எல்லாம் சேர்ந்து குழப்பும். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். பசியா, வலியா, பாத்ரூம் போக வேண்டுமா என்றும் பாருங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இதில் எதுவாகவும் இருக்கலாம். எல்லாமே கவனித்துச் சரிசெய்யக்கூடியவை. தள்ளிப்போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நீங்கள். கடிதத்தில் வேறு யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை, அதுதான் எனக்குக் கவலை. உறவிலோ நட்பிலோ ஒருவரிடம், "செவ்வாயும் வெள்ளியும் 5 மணியிலிருந்து 8 மணிவரை அம்மாகூட இரு" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். "முடிஞ்சப்ப வா" என்றால் யாரும் வரமாட்டார்கள். அந்த மூன்று மணி நேரம் வீட்டில் இருக்காதீர்கள், வெளியே போய்விடுங்கள்.